சார்மவுத் பைரைட் அம்மோனைட் பொடிந்து உதிர்கிறது, காப்பாற்ற முடியுமா?

சுருள்சங்கு:
வணக்கம். இங்கிலாந்தில் டோர்செட் மாவட்டத்துச் சார்மவுத் கடற்கரையில் பொறுக்கிய பொன்னிற அம்மோனைட்டுகள் (அழிந்துபோன கடலுயிரியின் சுருள் புதைபடிவங்கள்), எல்லாம் 2 செ.மீ.க்குள். மரப்பெட்டியில் பஞ்சு போட்டு வைத்து ஒரு வருஷம் ஆகிறது. இப்போது வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி பூத்திருக்கிறது, கந்தக நெடி வேறு. அடியில் இருந்த பெயர்ச்சீட்டு ஓட்டையாகிவிட்டது. கழுவி வார்னிஷ் அடித்தால் நிற்குமா? அடுத்த முறை எதை எடுக்கலாம்?

களிமண்பாறை:
தயவுசெய்து கழுவாதீர்கள். அவற்றைப் பொன்னிறமாக்கும் பைரைட் என்ற கனிமம் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் இரும்பு சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறும். சீட்டை அரித்தது அந்த அமிலம்தான். சல்பேட் அதிக இடம் பிடிப்பதால் சுருளின் அறைச்சுவர்கள் உள்ளிருந்தே பிளக்கின்றன. வார்னிஷ் அடித்தால் ஈரமும் அமிலமும் உள்ளேயே தங்கிவிடும்.

கெட்டவற்றைத் தனியே பிரித்து, உலர்ந்த பல்துலக்கும் பிரஷால் பொடியைத் தள்ளிவிடுங்கள். மரப்பெட்டியும் பஞ்சும் வேண்டாம். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரமானி. ஈரப்பதம் 60%ஐத் தாண்டினால் சிதைவு வேகமெடுக்கும். 40%க்குக் கீழே வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் காயவைத்துத் திரும்பப் போடலாம். அமிலத்தை முறிக்க அருங்காட்சியகங்களில் அமோனியா ஆவி காட்டுவார்கள், வீட்டில் அதைத் தொடவேண்டாம். பிளந்துவிட்டதை ஒட்டலாம், பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

புதிதாக எடுத்ததை மட்டும் நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, அன்றே நன்றாக உலர்த்துங்கள்.

ஓதம்பார்ப்பவர்:
எடுப்பது பற்றி. ஓதம் (கடல் ஏற்றவற்றம்) வடியத் தொடங்கும்போதே போய், ஏறத் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும். சார்மவுத்தை ஒட்டிய பிளாக் வென் குன்றின் சரிவுக்குக் கீழே, கூழாங்கற்களுக்கு நடுவே தேடுங்கள். பைரைட் கனமானது, அலை அதை ஒரே இடத்தில் ஒதுக்கி வைக்கும். மண்சரிவுச் சேற்றில் கால் வைக்காதீர்கள், முழங்கால்வரை இழுத்துவிடும். குன்றின் முகத்தைத் தோண்டுவதை அங்குள்ள சேகரிப்பு விதிமுறை அனுமதிப்பதில்லை. விழுந்து கிடப்பதை எடுக்கலாம். அபூர்வமானது கிடைத்தால் சார்மவுத் பாரம்பரியக் கடற்கரை மையத்தில் பதிய வேண்டும்.

பல வருஷம் நிற்பது வேண்டுமென்றால் சுண்ணாம்புக்கல் உருண்டைகளைப் பாருங்கள், நம் சாளக்கிராமம் போல. அதுவும் ஜுராசிக் அம்மோனைட் கல்தானே! சுருளின் விளிம்பு கோடாகத் தெரியும் உருண்டையை, அந்தக் கோட்டுக்கு இணையாக ஓரத்தில் சுற்றிச்சுற்றி மெதுவாகத் தட்டினால் தானே பிரியும். நடுவில் ஓங்கி அடித்தால் சுருள் குறுக்கே உடையும். நிலவியல் சுத்தியலும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். தச்சுச் சுத்தியலில் எஃகுச் சில் தெறிக்கும்.

சுருள்சங்கு:
ஒட்டியிருக்கும் சுண்ணாம்பை வினிகரில் ஊறவைத்து எடுக்கலாமா?

களிமண்பாறை:
வேண்டவே வேண்டாம். அம்மோனைட்டின் ஓடும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம்தான், கல்லோடு சேர்ந்து அதுவும் கரையும். உருப்பெருக்கிக்குக் கீழே ஊசியால், வெளிச்சுற்றிலிருந்து உள்நோக்கிச் சுரண்டுங்கள்.