புதிதாக வந்த பியர்டட் டிராகன் சாப்பிட மறுக்கிறது

கேள்வி:
பியர்டட் டிராகன் (வீட்டில் வளர்க்கும் ஒரு வகைப் பல்லி) குட்டி வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகிறது. பூச்சி போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கையை நீட்டினால் தாடி (தொண்டைப் பகுதி) கறுத்துவிடுகிறது. பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம்?

பதில் 1:
இடம் மாறியதும் ஓரிரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது வழக்கம்தான். தாடி கறுத்தால் மிரண்டிருக்கிறது என்று அர்த்தம். இப்போதைக்குத் தூக்காதீர்கள், பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பழக்குங்கள். அதைவிட முக்கியம் சூடு. கூண்டில் சூட்டு விளக்குக்குக் கீழே உள்ள கல் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் 25-க்குச் சற்று மேல். சூடு போதாவிட்டால் தின்றது செரிக்காது, பசியும் எடுக்காது.

பதில் 2:
யுவிபி (ஒரு வகைப் புற ஊதாக் கதிர்) விளக்கு இருக்கிறதா? ஜன்னல் வெயில் போதாது, கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். அது இல்லாவிட்டால் வைட்டமின் டி3 உருவாகாமல் எலும்பு வளைந்துபோகும். பாவம், அப்படி ஒரு குட்டியைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், பூச்சி அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. கால்சியம் பொடி தூவிக் கொடுங்கள். மின்மினி வேண்டவே வேண்டாம், ஒன்றே உயிரை எடுத்துவிடும்.

கேட்டவர்:
யுவிபி இருக்கிறது. ஆனால் கல்லில் 31தான் காட்டுகிறது! சூட்டு விளக்கை இறக்கிப் பார்க்கிறேன்.

பதில் 1:
சரி, இறக்கியதும் மறுபடி அளந்துவிடுங்கள். எடை குறைந்தாலோ சோர்ந்து கிடந்தாலோ காத்திருக்காமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.