1883 டெக்சஸ், இரண்டு பண்ணைக் குடும்பங்கள், ஒரு நாடோடித் துப்பாக்கிக்காரன்: விவரங்கள் தேவை

ஈசான்யன்:
ஒரு வெஸ்டர்ன் குறுநாவல் எழுதுகிறேன். ஆற்றின் இரு கரையிலும் இரண்டு மாட்டுப் பண்ணைகள், அப்பன் காலத்துப் பகை. ஊர் ஊராகத் திரியும் துப்பாக்கிக்காரன் ஒருவன் நடுவில் வந்து சிக்குகிறான். பகைக்கு மூலமாக ஒரு பழைய கொலையை வைத்திருக்கிறேன், அது போதுமா? அவனிடம் என்ன ஆயுதம் இருக்கும்? முன்பின் தெரியாதவனை ஒரு குடும்பம் எதற்காகச் சேர்த்துக்கொள்ளும்? உச்சக்கட்டச் சண்டை இரவில், ஒரு தீவனக் கொட்டகைக்குள்.

மேய்ச்சல்வெளி:
கொலை இருக்கட்டும். ஆனால் பகையை இன்றைக்கும் அணையாமல் வைத்திருப்பது தண்ணீராக இருக்க வேண்டும். நீங்கள் எடுத்திருக்கும் ஆண்டு அதற்கு அருமையாகப் பொருந்துகிறது. 1883 டெக்சஸில் வறட்சி. ஜோசப் கிளிடன் 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி அதற்குள் எங்கும் பரவிவிட்டது. அதுவரை திறந்தவெளியில் யார் மாடும் எந்த ஓடையிலும் குடிக்கும். வேலி போட்டவர்களில் சிலர் சொந்த நிலத்தோடு நிற்காமல் பொது நிலத்தையும் சாலையையும் சேர்த்தே வளைத்தார்கள். மற்றவர்கள் இரவில் கும்பலாக வந்து, கம்பத்துக்குக் கம்பம் இடையில் கம்பியை வெட்டிப் போட்டு, திரும்பக் கட்டினால் நடப்பதே வேறு என்று எழுதி வைத்துப் போனார்கள். இந்தக் கும்பல்களுக்கு ஆந்தைகள், நீலப் பிசாசுகள் என்றெல்லாம் பெயர் இருந்தது.

1884 ஜனவரியில் சட்டமன்றம் சிறப்பாகக் கூடியது. வேலி வெட்டினால் 1 முதல் 5 ஆண்டு சிறை. பொது நிலத்தை அடைத்தவர்களும் குற்றவாளிகளே, 6 மாதத்துக்குள் வேலியை எடுக்க வேண்டும். கதை அக்டோபரில் தொடங்கி பிப்ரவரியில் முடிந்தால், சட்டத்தின் முன் இரண்டு குடும்பமுமே தப்பு செய்தவர்கள் ஆகிவிடுவார்கள். ஒரு தரப்பை முழுக்க நல்லவர்களாக வைப்பதைவிட இது எவ்வளவோ வலுவானது.

சிறு சச்சரவுகளுக்குக் கன்றுகளைப் பயன்படுத்துங்கள். சூட்டுக்குறி இல்லாத கன்று தாயின் பின்னால் போகும்வரை அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். திருடுபவன் அதைத் தாயிடமிருந்து பிரித்து, பால் மறந்தபின் தன் குறியைப் போடுவான். பழைய குறியின்மேல் கோடு சேர்த்து மாற்றுவதும் உண்டு. அந்த மாட்டை அறுத்துத் தோலின் உட்புறத்தைப் பார்த்தால் பழைய தழும்பும் புதிய தழும்பும் தனித்தனியே தெரியும். துப்பறியும் காட்சிக்கு இதுவே போதும்.

ஐந்துதோட்டா:
ஆயுதத்துக்கு 1873 மாதிரி கோல்ட் ரிவால்வரும் அதே ஆண்டு வின்செஸ்டர் ரைபிளும். இரண்டையும் .44-40 என்ற தோட்டா அளவில் கொடுங்கள். கோல்ட் 1878 முதல் அந்த அளவில் கிடைத்தது. ஒரே தோட்டா இரண்டுக்கும் பொருந்துவதால் பயணிக்கு வசதி.

ரிவால்வரின் உருளையில் ஆறு அறை இருந்தாலும் ஐந்துதான் நிரப்புவார்கள். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியல் அதன்மேல் படிந்திருந்தால், கீழே விழும்போதோ சேணம் இடிக்கும்போதோ தானாக வெடிக்கும். நிரப்பும் முறை: சுத்தியலைப் பாதி இழுத்துப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, ஒன்று போட்டு, அடுத்த அறையை விட்டு, தொடர்ந்து நான்கு போட வேண்டும். கதவை மூடி, சுத்தியலை முழுதாக இழுத்து மெல்ல இறக்கினால் காலி அறைமேல் வந்து நிற்கும். சுட்டபின் வெற்றுக் குப்பிகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் தள்ளித்தான் எடுக்க முடியும். எனவே ஐந்து முடிந்ததும் அவன் எதற்குப் பின்னாலாவது ஒதுங்கியே ஆக வேண்டும்.

கொட்டகைச் சண்டையில் முக்கியமானது புகை. அக்காலத்து வெடிமருந்து கருமருந்து. மூடிய இடத்தில் இரண்டு மூன்று குண்டுகளிலேயே வெண்புகை மண்டி எதிரில் இருப்பவன் மறைந்துவிடுவான். குழல்முனையில் பாயும் தீயால் கண்ணும் கூசும், உலர்ந்த வைக்கோல் பற்றவும் கூடும். நிறையச் சுட்டால் கரி படிந்து உருளை இறுகிச் சுழல மறுக்கும். மறுநாள் வெந்நீரில் கழுவி எண்ணெய் போடாவிட்டால் துரு பிடிக்கும். உறையைத் தொடையில் கட்டித் தொங்கவிடாதீர்கள், அது சினிமா. இடுப்பை ஒட்டி உயரமாகவே அணிந்தார்கள்.

ஈசான்யன்:
கொட்டகைக் காட்சியை மாற்றி எழுதுகிறேன். மூன்றாவது கேள்விக்கு யாராவது?

புழுதிப்பாதை:
அவனை எடுத்தவுடன் துப்பாக்கிக்காகச் சேர்க்க வேண்டாம். மாட்டுக்காரனின் சம்பளம் மாதம் 30, 40 டாலர். வேலியைச் சுற்றிக் காவல் போக ஆள் எப்போதும் தேவை, அந்த வேலைக்கு வரட்டும். பிறகு கூலி உயரட்டும். ஒப்பீட்டுக்கு: 1892இல் வயோமிங்கின் ஜான்சன் கவுண்டியில் பெரும் பண்ணையாளர்கள் டெக்சஸிலிருந்து கூட்டிவந்த துப்பாக்கிக்காரர்களுக்கு நாளுக்கு 5 டாலர், கொல்லப்படும் ஆளுக்கு 50 டாலர் என்று பேசியிருந்தார்கள். கூலி மாறும் நாளில்தான் தன்னை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பது அவனுக்கு உறைக்க வேண்டும்.

சட்டத்திலும் ஒரு பிடி இருக்கிறது. டெக்சஸின் 1871 சட்டப்படி கைத்துப்பாக்கியோடு நடமாடினால் 25 டாலரிலிருந்து அபராதம். சொந்த நிலத்தில் வைத்திருப்பவருக்கும், மூட்டையோடு கொண்டுபோகும் பயணிக்கும் விலக்கு உண்டு. வழிப்போக்கனாக வரும்வரை ஷெரிஃப், அதாவது அந்த வட்டாரக் காவல் தலைவர், அவனைத் தொட முடியாது. பண்ணையில் சம்பளம் வாங்கி மாதக்கணக்கில் தங்கியவன் பயணியா என்று எதிர்க்குடும்பம் வழக்குப் போடலாம். ஷெரிஃப் பதவி தேர்தலில் வருவது, அதனால் அவர் எந்தக் குடும்பத்தின் ஓட்டில் ஜெயித்தார் என்பதை முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.