குதிரை திருடிய பெண் எப்படி 20 டாலர் நோட்டில்?

கேள்வி:
ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருப்பாரே, மேரி ரீபி, அவர் தீவாந்திர தண்டனை பெற்று இங்கிலாந்திலிருந்து வந்தவர் என்று படித்ததிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. ஆண் வேடத்தில், ஜேம்ஸ் பர்ரோ என்ற பெயரில், குதிரை திருட்டுக்காக மாட்டியபோது வயது பதின்மூன்று. ஏழு வருட தண்டனையோடு வந்தவர் சிட்னியின் பெரிய பணக்காரர்களில் ஒருவராக ஆனது எப்படி? சிறையில் அடைக்கவே இல்லையா?

பதில் 1:
சிட்னிக்குக் கைதிகளை அனுப்பியதே பூட்டி வைக்க இல்லை, வேலை வாங்கத்தான். சுற்றிலும் கடலும் காடும் இருக்க, தப்பித்து எங்கே போவது? அரசாங்க வேலைக்கோ, யாராவது ஒருவர் வீட்டுக்கோ பிரித்து அனுப்பிவிடுவார்கள், தண்டனைக் காலம் முடிந்தால் சுதந்திரம். மேரி 1792இல் ராயல் அட்மிரல் கப்பலில் வந்து இறங்கினார், மேஜர் குரோஸ் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டே வருடத்தில் தாமஸ் ரீபியுடன் கல்யாணம். தாமஸ் கைதி இல்லை, கப்பலில் வேலை பார்த்தவர். ஹாக்ஸ்பரி ஆற்றோரம் நிலம் கிடைத்தது, அப்புறம் தானியம் ஏற்றிப் போகும் படகுகள், சரக்கு வியாபாரம் என்று வளர்ந்தார்கள்.

பதில் 2:
கணவரால் வந்த வசதி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1811இல் அவர் இறந்தபோது மேரி கையில் ஏழு பிள்ளைகள். கடை, கப்பல், கட்டடம் எல்லாவற்றையும் தனியாக நடத்திப் பெருக்கியது அவர்தான். 1817இல் நியூ சவுத் வேல்ஸ் வங்கி தொடங்கியதே மெக்குவாரி பிளேஸில் அவருடைய வீட்டில்.

எனக்கு நெஞ்சில் தைத்தது வேறு. 1820இல் மகள்களோடு இங்கிலாந்து போய்விட்டு அடுத்த வருடம் திரும்பினார். 1828 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'எப்படி வந்தீர்கள்' என்ற இடத்தில் 1821இல் சுதந்திரமாக வந்ததாக எழுதிவிட்டார். ஒரு வகையில் அது பொய்யும் இல்லை. அத்தனை சொத்து சேர்த்த பிறகும் அந்த முதல் கப்பலைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

பதில் 3:
சரி, அந்த ஹாக்ஸ்பரி நிலம் யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது தாருக் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த இடம், அவர்களைத் துரத்திவிட்டுத்தான் குடியேறியவர்களுக்குப் பங்கு போட்டார்கள். 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட கைதிகள் 1,60,000க்கும் மேல். சவுக்கடி பட்டும், சங்கிலியோடு ரோடு போட்டும் செத்தவர்கள் அதில் எத்தனையோ பேர்.

கேள்வி கேட்டவர்:
நிலத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, நன்றி. அந்தக் கணக்கெடுப்பு விஷயம்தான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும்.