மாமரத்து முசுறுக்கு நூல் எங்கிருந்து வருது?

தோப்புக்காரன்: மாமரத்துல முசுறு இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டியிருக்கு. இலையோரமெல்லாம் வெள்ளை நூல். எறும்புக்கு ஏது நூல்? வீட்ல மருந்தடிக்கச் சொல்றாங்க.

பூச்சிப்பித்தன்: அடிச்சிடாதீங்க அண்ணே! அது பட்டு. வளர்ந்த எறும்புக்கு நூற்க வராது, புழுவுக்குத்தான் வரும். ஒண்ணோட இடுப்பை ஒண்ணு கவ்விச் சங்கிலியா நின்னு இலைகளை இழுத்துப் பிடிக்கும். வேறொரு எறும்பு முற்றின புழுவை வாயில தூக்கிட்டு வந்து, இந்த ஓரம் ஒரு தொடு, அந்த ஓரம் ஒரு தொடு. தறியில நாடா ஓடுற மாதிரியே இருக்கும். மத்த எறும்பு பலதுல புழு தனக்குன்னு பட்டுக்கூடு கட்டிக்கும். முசுறுப் புழு கட்டிக்காது. பட்டெல்லாம் பொது வீட்டுக்கே. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

கீதா_விவசாயி: சீனாவுல கி.பி. 304 வாக்கிலேயே இந்தக் கூடுகளைச் சந்தையில வாங்கி ஆரஞ்சு மரத்துல விட்டிருக்காங்க, பூச்சியைப் பிடிக்க. ஆனா மரத்துச் சாற்றை உறிஞ்சுற மாவுப்பூச்சியை இது பாதுகாக்கும், அதைக் கவனிச்சுக்கோங்க. காய் பறிக்கிறப்போ கடியும் நிச்சயம்.

பூச்சிப்பித்தன்: அப்படியே காலையும் எண்ணிப் பாருங்க. எட்டுன்னா அது முசுறு வேஷம் போட்ட சிலந்தி. முன்னங்கால் ரெண்டையும் தூக்கி மீசையாட்டம் ஆட்டும். சீண்டினா நூல் விட்டுத் தொங்கிடும்.