பசோபானிப்: அம்மாவுக்குக் கட்டி ஏன் சுருங்கவில்லை?

மாசிவீதிப்பெண்:
அம்மாவுக்கு 61 வயது. தொடையில் லியோமயோசார்கோமா (மென்தசையில் வரும் புற்றுக் கட்டி). ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரலுக்குப் பரவி, டாக்ஸோரூபிசின் என்ற கீமோ ஏற்றி, இப்போது மூன்று மாதமாகப் பசோபானிப் மாத்திரை. போன வாரம் ஸ்கேன் பார்த்த டாக்டர், "அப்படியே இருக்கும்மா, நல்ல செய்தி" என்றார். எனக்கு அப்படிப் படவில்லை. எதிர் வீட்டு அண்ணனுக்குத் தோள்பட்டையில் டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா என்ற தோல் புற்றுக் கட்டி. இமாட்டினிப் சாப்பிட்டு, எலுமிச்சை அளவில் இருந்தது சுண்டைக்காயாகி, அப்புறம்தான் வெட்டி எடுத்தார்கள். இரண்டுமே வளர்ச்சிக் காரணியை, அதாவது செல்லை வளரச் சொல்லும் புரதத்தை, தடுக்கிற மாத்திரைதானே? வளர்ச்சிக் காரணி என்ற பெயரைக் கேட்டதிலிருந்து அத்தை வேறு அம்மாவுக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்திவிட்டார்.

ஸ்லைடுசாமி:
லேபில் இரண்டு வகையும் பார்க்கிறவன் நான். அண்ணனுடைய கட்டியில் 17ஆம் குரோமோசோமின் கொலாஜன் மரபணுவும் 22ஆம் குரோமோசோமில் பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணிக்கான மரபணுவும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் செல் அந்த வளர்ச்சிக் காரணியை ஓயாமல் சுரந்து, தன் மேலேயே உள்ள ஏற்பியில் (சைகையை வாங்கும் புரதத்தில்) வாங்கிக்கொள்ளும். தன் வீட்டுக் காலிங் பெல்லைத் தானே அமுக்கிவிட்டுக் கதவைத் திறக்க ஓடுகிற மாதிரி. இமாட்டினிப் அந்த வயரை அறுக்கிறது. கட்டிக்கு வேறு பிழைப்பு இல்லை.

உங்கள் அம்மாவுக்கு வந்த வகையில் அப்படி ஒற்றைப் பிடி கிடையாது. பசோபானிப் முக்கியமாக, ரத்தக்குழாயை வளரச் சொல்லும் விஇஜிஎஃப் என்ற காரணியின் ஏற்பிகளை அடைத்து, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் போகாமல் பார்க்கிறது. 2012இல் வெளிவந்த பேலட் ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேருக்கு அதைவிடக் கூடுதல்) வெற்று மாத்திரைக்கு 1.6 மாதம், இதற்கு 4.6. டாக்டர் சொன்னது நல்ல செய்திதான்.

ஓலராடுமாப் என்று ஒரு ஊசியும் பிடிஜிஎஃப் ஏற்பியைத்தான் குறிவைத்தது. சார்கோமா உள்ள 133 பேர் ஆய்வில் இடைநிலை ஆயுள் 14.7 மாதத்திலிருந்து 26.5 ஆனதும், 2016இல் அமெரிக்காவில் துரித அனுமதி கொடுத்தார்கள். நாங்களும் துள்ளினோம். 509 பேரிடம் பார்த்தபோது வித்தியாசமே இல்லை. 2019இல் கதை முடிந்தது. ஏற்பி இருந்தால் மட்டும் போதாது, கட்டி அதை நம்பிப் பிழைக்க வேண்டும்.

அத்தையிடம் சொல்லுங்கள்: அந்தக் காரணி கட்டிக்குள்ளேயே சுரப்பது, முட்டையிலிருந்து வருவதில்லை. எடை குறைந்தால்தான் கவலை.

வெள்ளைமுடி:
என் மனைவி பசோபானிப் பதினொரு மாதம் சாப்பிட்டாள். புருவம்கூட நரைத்துவிட்டது, பயப்படாதீர்கள். பிபியை வீட்டிலேயே பாருங்கள், ஈரல் டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், அல்லது இரண்டு மணி நேரம் கழித்து. கேஸ் மாத்திரை ஏதாவது போடுகிறாரா? டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மருந்து உடம்பில் சரியாகச் சேராது. முக்கியமாக, மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. மருந்து அதிகமாக ஏறிவிடும்.

மாசிவீதிப்பெண்:
ஐயோ! இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன். பெரிய மாத்திரை தொண்டையில் நிற்கிறது என்று இடிகல்லில் பொடித்து, வாழைப்பழத்துக்குள் வைத்துத்தான் இத்தனை நாளும் விழுங்கியிருக்கிறார். காலையில் முதல் வேலையாக டாக்டருக்கு போன். முட்டை இப்போது அடுப்பில் வேகிறது.