உள்ளே விழும் துகளால் கருந்துளையின் நிறை எப்படிக் குறையும்?

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். ஹாக்கிங் கதிர்வீச்சு (கருந்துளை ஆற்றலை வெளிவிட்டு மெல்லக் கரைவது) பற்றி ஒரு மாணவி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறேன்.

நிகழ்வெல்லை (கடந்தால் ஒளிகூடத் திரும்ப முடியாத எல்லை) அருகே ஒரு துகள் சோடி தோன்றுவது, ஒன்று உள்ளே விழுவது, மற்றது தப்புவது என்று பலகையில் வரைந்தேன். "உள்ளே விழுந்தால் நிறை கூடத்தானே சார் வேண்டும்?" என்றாள். நல்ல கேள்வி.

விழுவதற்கு எதிர்ம ஆற்றல் என்றேன். "எப்போதும் எதிர்மமே ஏன் உள்ளே போகிறது?" என்று அடுத்த கேள்வி வந்தது. கடன் சேர்ந்தால் இருப்பு குறைவது போல என்ற உவமையும் எடுபடவில்லை. ஹாக்கிங்கே 1975 கட்டுரையில் இந்தச் சோடிப் படத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறார். நிகழ்வெல்லைக்குள் காலமும் இடமும் பங்கை மாற்றிக்கொள்ளும் என்ற கணித விளக்கத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுபோக முடியவில்லை.

மற்றதெல்லாம் அவர்களுக்குப் புரிந்தது. சூரிய நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அண்டம் முழுதும் நிறைந்திருக்கும் பின்னணிக் கதிர்வீச்சோ 2.7 கெல்வின். அதனால் இப்போது அது கரையாது, வளரும். அண்டம் விரிந்து குளிர்ந்த பிறகுதான் கரையத் தொடங்கும். முடிய 10-இன் 67ஆம் அடுக்கு ஆண்டுகள் ஆகும். அண்டத்தின் கடைசிக் காலம் அப்படித்தான் போகும் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த ஆர்வத்தை அரைகுறைப் பதிலால் கெடுக்க மனமில்லை.

வரும் சனிக்கிழமை பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். துகள் சோடிப் படம் இல்லாமல், பிளஸ் டூ கணிதத்துக்குள் நின்று, கருந்துளை நிறை இழப்பதை எப்படி விளக்குவது?