குடும்பக் குழு: எந்த ராஸ்பெரித் தடியை வெட்டுவது?

சுகந்தி: எல்லாருக்கும் வணக்கம். புது வீட்டின் பின் வளவில் முன்பு இருந்தவர்கள் வைத்த ராஸ்பெரி ரெண்டு வரிசை நிற்கிறது. குமார் கத்தரியோடு வெளிக்கிட்டுவிட்டார். இப்ப வெட்டலாமா?

பெரியப்பா: முதலில் கத்தரியை வாங்கி உள்ளே வை பிள்ளை. கோடை ரகமா, இலையுதிர்கால ரகமா என்று தெரியாமல் ஒரு தடியிலும் கை வைக்க வேண்டாம்.

குமார்: ஜூலையிலும் பறித்தோம் மாமா, இப்ப செப்டம்பரிலும் பழம் இருக்கிறது. அப்ப ரெண்டு ரகமும்தானே?

பெரியப்பா: இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மாதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்தத் தடியில் பழம் என்று பாருங்கோ. கோடை ரகம் போன வருடம் முளைத்த தடியில் காய்க்கும். மற்றது இந்த வருடம் மண்ணிலிருந்து வந்த தடியின் நுனியில், ஆகஸ்ட் தொடங்கி உறைபனி வரும் வரை காய்க்கும்.

நிலா: பழைய தடி எது என்று எப்படித் தெரியும்?

பெரியப்பா: புதுசு பச்சை. பழசு மண்ணிறம், தோல் மெல்லிசாக உரியும்.

சுகந்தி: [படம்] ஷெட் பக்கம்
சுகந்தி: [படம்] வேலிப் பக்கம்

பெரியப்பா: ஷெட் பக்கம் ஆறடி உயரம், கம்பியில் கட்டியிருக்கிறது. மண்ணிறத் தடியில் நுனி வரைக்கும் காய்த்த கிளைகள், பழம் கழன்ற வெள்ளை முனைகூடத் தெரிகிறது. பச்சைத் தடியில் ஒரு பூவும் இல்லை. அது கோடை ரகம். வேலிப் பக்கத்துப் பழைய தடியின் நுனியைக் கிட்டவாகப் படம் எடு.

சுகந்தி: [படம்] மேலே ஒன்றரை அடி கறுத்துச் சுள்ளியாகக் காய்ந்திருக்கிறது. ஜூலையில் காய்த்தது அதற்குக் கீழேதான். பக்கத்துப் பச்சைத் தடிகளின் நுனியில் இப்ப பழம்.

பெரியப்பா: அதற்குத்தான் கேட்டேன். அது இலையுதிர்கால ரகம். போன வருடம் காய்த்த நுனி குளிரில் பட்டுப்போய்விட்டது. பெப்ரவரியில் யாரும் வெட்டாததால் மிச்சத் தடி ஜூலையில் காய்த்திருக்கிறது.

குமார்: வெட்டாமல் விட்டால் லாபம்தானே?

பெரியப்பா: ஜூலையில் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் இலையுதிர்காலப் பறிப்பு குறையும், வரிசையும் பற்றையாகிவிடும். நான் என்றால் பெப்ரவரியில் அந்த வரிசை முழுவதையும் தரையோடு வெட்டிவிடுவேன்.

பெரியம்மா: அதே மாதிரி ஷெட் பக்கத்தையும் வெட்டினால் அந்தக் கோடையில் ஒரு பழமும் கிடைக்காது. அதையும் சொல்லுங்கோ!

பெரியப்பா: ஓம், ஓம். ஷெட் பக்கம் இப்பவே வெட்டலாம், ஆனால் காய்த்து முடிந்த மண்ணிறத் தடி மட்டும். குலை போட்ட வாழை மாதிரி, அதன் வேலை முடிந்தது. அடுத்த ஜூலைப் பழம் பச்சைத் தடியில்தான். அதில் நல்லதாகப் பார்த்து 10 செ.மீ.க்கு ஒன்றாகக் கம்பியில் கட்டுங்கோ.

குமார்: கத்தரியைத் திருப்பித் தரச் சொல்லுங்கோ மாமா 😀

நிலா: ஜூலையில் அக்கா தந்த பழத்தில் புழு இருந்தது. சொன்னால் கோபிப்பாள் என்று பேசாமல் இருந்தேன்.

பெரியம்மா: அது ராஸ்பெரி வண்டின் புழு. கோடைப் பழத்தில்தான் கூடுதல். பிந்திக் காய்ப்பது பெரும்பாலும் தப்பிவிடும். அதற்காகவே எனக்கு 'ஆட்டம் பிளிஸ்' விருப்பம். அது இங்கே இங்கிலாந்தின் கென்டில், ஈஸ்ட் மாலிங்கில் உருவாக்கிய இலையுதிர்கால ரகம். தானே உருவாக்கினது போலத்தான் உங்கள் பெரியப்பாவின் கதை.

சுகந்தி: ரெண்டு வரிசைக்கும் நடுவில் புல்லுக்குள்ளே சில பச்சைத் தடிகள் வந்திருக்கின்றன. அவை எந்தப் பக்கம்?

பெரியப்பா: வேர் ஓடி வந்த கன்றுகள். நுனியில் பூவோ பழமோ இருந்தால் இப்பவே சிவப்பு நூல் கட்டிவிடு, அது வேலிப் பக்கத்து ஆள். இலை கொட்டினால் கண்டுபிடிக்கக் கஷ்டம். சோனியாக நிற்பதைப் பிடுங்கு, எந்த ரகமாக இருந்தாலும் பரவாயில்லை.

நிலா: பிடுங்காதே, எனக்குத் தா! எங்கள் வளவு சின்னது, எது நல்லது பெரியப்பா?

பெரியப்பா: நூல் கட்டியதை எடு. அவ்வளவு உயராது, கம்பி இல்லாமலும் சமாளிக்கலாம். நவம்பரில் இலை கொட்டிய பிறகு வேரோடு கிண்டு. இலையில் மஞ்சள் திட்டு இருந்த செடியின் கன்று மட்டும் வேண்டாம், வைரஸாக இருக்கலாம்.

சுகந்தி: சரி, நவம்பரில் வா. மண்வெட்டியும் கொண்டு வா, எங்களுடையதன் பிடி ஆடுகிறது.

நிலா: 👍 புழு இல்லாத பழம் கொஞ்சம் எடுத்து வை.